ஒரு முகத்துக்கு நாற்பது ரூபாய்

ஹெண்ணூர் பாலத்தடியில் பஸ் உறைந்துவிட்டது.
இருபது நிமிடம் தாமதம்.
வெள்ளைப் பலகையில் ஆங்கிலம், கன்னடம்,
கீழே எனக்காகத் தமிழிலும்
யாரோ எழுதி வைத்திருந்தார்கள்:
ஊடக அரம்.

அரம், இரும்பை ராவுவது.
திருத்தவில்லை.
பதினோரு வருடமாக நான் பார்க்கும் வேலைக்கு
அதுவும் பொருந்தும்.

வீட்டில் டிவி இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.
நாற்பத்திரண்டு பேரில் ஒன்பது கை.
அதிலும் சன்மதி பாதியில் இறக்கிக்கொண்டான்.
இருக்கு மேம், ஆனா அதுல
கீழே ஸ்கூட்டர் நிறுத்துற இடத்து கேமராதான் ஓடுது,
அப்பா ராத்திரி முழுக்க அதைத்தான் பார்க்கிறார்.
லின்தோய்க்கு ஊர் இம்பால்.
நெட்டை அணைத்தபோது டிவி மட்டும் மிச்சம் என்றாள்.
எல்லாச் சேனலும் பார்த்தோம்.
எங்கள் தெரு வரவே இல்லை.

ஒன்பது மணிச் செய்தி என்று தொடங்கினேன்.
எந்த ஒன்பது மணி? என்றாள் முன்வரிசைப் பெண்.
கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.
அவளுக்குச் செய்தி என்பது
பையப்பனஹள்ளி தாண்டி மெட்ரோவில்
பக்கத்து ஆள் தோளுக்கு மேல்
அவர் போனில்
சத்தமில்லாமல் அசையும் வாய்கள்.

கொண்டுபோன தாளை மடித்து வைத்தேன்.
வேன் கவிழ்ந்த கதையைச் சொன்னேன்.
அடியில் ஓடும் வரியை எழுதியது நான்:
பலி 7? என்று.
கேள்விக்குறி போட்டால் பொய் ஆகாது,
எங்கள் டெஸ்க்கின் சாத்திரம் அது.
இறந்தது நான்கு பேர்.
மிச்ச மூவரை
நாலு மணி நேரம் சாகடித்து வைத்திருந்து
மாலையில் சத்தமில்லாமல் பிழைக்க வைத்தோம்.

வகுப்பு அதிரும் என்று நினைத்திருந்தேன்.
ஃபேன் சுற்றியது.
அழிச்சீங்களா, மாத்தினீங்களா மேம்,
என்று ஒருவன் கேட்டான்.
மாற்றியது யாருக்குத் தெரியும்?
பதிலுக்குத் தண்ணீர் குடித்தேன்.

அப்போதுதான் கடைசி வரிசையில்
எப்சிபா எழுந்தாள். லிங்கராஜபுரம்.
பலகையில் எழுதியது அவள்தானாம்.
ராத்திரியில் வீடியோவில் முகம் மங்கலாக்கும் வேலை,
முகத்துக்கு நாற்பது ரூபாய்.
போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு.
முகத்தை மட்டும் மூடச் சொன்னாங்க.
பின்னாடி கொடியில அவளோட யூனிஃபார்ம்,
பாக்கெட்ல ஸ்கூல் பேரு.
பச்சைக் கதவு. கதவுல நம்பர்.
அந்தத் தெருக்காரங்களுக்கு
முகம் எதுக்கு மேம்?

கொடியையும் மூடினாளாம்.
கதவையும், அதன் பச்சையையும்,
வாசலில் கிடந்த ஒற்றைச் செருப்பையும்.
அதற்குக் காசு கிடையாது.
நேரமாச்சு என்று
பத்து ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

நான் செஞ்சது சரியா மேம்?
அவங்க காட்டச் சொன்னதை மறைக்க
நான் யாரு?

நாற்பத்தொரு முகம் என் பக்கம் திரும்பியது,
ஒன்றும் மங்கல் இல்லை.

எந்தச் சேனல் என்று நான் கேட்கவில்லை.
பச்சை கசிந்து பாசிக்குளம் போலிருந்த அந்தக் காட்சி
எங்கள் திரையில்தான் ஓடியது.
என்ன வேலை இது, ஒன்றுமே தெரியவில்லை,
இவர்களை மாற்றுங்கள் என்று
எடிட்டருக்குச் செய்தி அனுப்பியது
நான்.

சரிதான் என்றேன்.
குரல் சற்று உள்ளே போயிருந்தது.
சத்தமா மேம், என்றார்கள் பின்னாலிருந்து.

ஒரு மணிபிளாண்ட் தொட்டி கொடுத்தார்கள்.
படம் எடுத்துக்கொண்டோம்.
எப்சிபா படத்துக்கு வரவில்லை,
அடுத்த வகுப்புக்காகப் பலகையை அழித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோ.
மீட்டரில் நூற்றிப் பத்து.
டிரைவர் சில்லறை கேட்டார்.
பர்ஸில் ஒரு பத்து ரூபாய் நோட்டு இருந்தது.
இல்லை என்றேன்.