ஜீரோ பார்த்துக்கங்க

விதி இதுதான்:
எந்த ஊரில் டாங்கில் ஊற்றினார்களோ
புகை அந்த ஊர்க் கணக்கு.
எரிந்த இடத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

லாஸ்பேட்டையில் காலையில் ஒன்று இறங்கும்,
மாலையில் ஒன்று.
இரண்டு காத்தாடி வைத்த சின்ன விமானம்.
கல்லூரி மைதானத்தில் ஓடிவந்து பந்து போடுகிறவன்
பாதியில் நின்று அண்ணாந்து பார்ப்பான்.
அரைமணி நிற்கும்.
எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போய்விடும்
சொட்டு எண்ணெய் வாங்காமல்.
போக, வர, இரண்டுக்கும் சேர்த்து
ஹைதராபாத்திலேயே குடித்துவிட்டு வருகிறது,
சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டு
தண்ணீர்கூடத் தொடாத சம்பந்தி மாதிரி.

ஏப்ரல், சுழியம்.
மே, சுழியம்.
ஜூனில் ஒரே ஒரு நாள்,
மழையில் வட்டமடித்து வட்டமடித்து இறங்கியதால்
ஆயிரத்து நூறு லிட்டர்.
எடை எண்ணூற்று எண்பது கிலோ.
மூன்று புள்ளி ஒன்று ஆறால் பெருக்கினால்
இரண்டே முக்கால் டன் கரியமில வாயு.
ஊற்றியதைவிட மூன்று பங்கு கனத்துப் போகிறது புகை.
ஆறு வருஷமாகப் பெருக்குகிறேன்,
இன்னும் எனக்கு அது பழகவில்லை.

பெட்ரோல் கணக்கு இதற்குத் தலைகீழ்.
சாயங்காலம் கன்னியக்கோயில் பங்கில் நின்று பாருங்கள்,
பாதி வண்டி கடலூர் நம்பர்.
லிட்டருக்கு நாலு காசு மிச்சம்.
முள்ளோடை தாண்டி எரிவதெல்லாம்
என் படிவத்தில் புதுச்சேரி எரித்தது.
நானும் மஞ்சக்குப்பத்துக்குத்தான் வண்டி ஓட்டுகிறேன்.
என் ஸ்கூட்டி குடிப்பது ஒரு அரசாங்கத்தில்,
இருமுவது இன்னொன்றில்.

எல்லையே நமக்கு
ஆப்பத்தைப் பிய்த்துப் போட்ட மாதிரி.
ஓடுபாதையை விட்டு எழும்பி
யாராவது ஜன்னலில் கடலைக் காட்டுவதற்குள்
தமிழ்நாடு வந்துவிடும்.

அப்பா போனபோது ஜெர்மேன் வந்தாள், மூன்று நாளைக்கு.
பாரிஸ் சென்னை. சென்னை பாரிஸ்.
உப்பளம் கல்லறையில் மண் போட்ட கையைக்
கழுவாமலே தூங்கிவிட்டாள்.
நான் பக்கத்தில் உட்கார்ந்து
தொழில் புத்தி,
அவளுடைய பங்கைக் கணக்குப் போட்டேன்.
ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே.
நாடு விட்டு நாடு பறந்தது
எந்த நாட்டு மொத்தத்திலும் சேராது,
அடிக்குறிப்பில் தனியாக நிற்கும்.
என் அக்கா அழுதுகொண்டு வந்த ஒன்பது மணி நேரமும்
எங்கோ ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது.
அவளிடம் சொல்லவில்லை.
சொன்னால் வராமல் இருந்திருக்க வேண்டுமா என்பாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை,
பெருக்கல் மட்டும்தான் இருக்கிறது.

ஜூலையும் சுழியம்.
திருக்காமேஸ்வரன் சாருக்குச் சந்தோஷம்.
வானம் சுத்தம்மா நம்மளுது, என்றார்.
குறிப்பு என்ற கட்டத்தில்
இம்மாதம் ஐம்பத்தெட்டு விமானங்கள் வந்து சென்றன
என்று எழுதியிருந்தேன்.
இது எதுக்கு?
யாரும் கேக்கலையே.
இருக்கட்டும் சார்.
பேனாவைத் திறந்தார்,
அடிப்பதற்கா கையெழுத்துக்கா தெரியவில்லை.
அதற்குள் போன் வந்தது.

ஆறரை மணி. கன்னியக்கோயில்.
எனக்கு முன்னால் ஏழு வண்டி.
மேலே, ரொம்ப மேலே,
சென்னையில் வயிறு நிரப்பிக்கொண்ட ஒன்று
சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டு
தெற்கே போகிறது.
இந்தப் பங்கையும் என்னையும் கடலூரையும்
ஒரே தும்மலில் தாண்டிவிடும்.
எதிலும் எழுத வேண்டாம்.

இருநூறுக்கு, என்றேன்.
பையன் குழாயைச் செருகினான்.
மெஷினில் எண்கள் உருண்டு நின்றன.

ஜீரோ பார்த்துக்கங்க மேடம்.

பார்த்துக்கிட்டேன்.