பன்னிரண்டாம் கேள்வி

இருவரையும் தனித்தனியே கேட்கவேண்டும்
என்பது விதி. பேராதனையில் இரண்டு நாள்
பயிற்சி தந்து சொல்லி அனுப்பினார்கள்.

மஸ்கெலியாவுக்கு மேலே, நான்காம் லயம்.
காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு.
தனி என்று ஓர் இடம் அங்கே இல்லாததால்
ராசரெத்தினம் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு
வெளியே போனான்.
இஸ்தோப்பு வரைக்கும்தான்.

ஒன்று முதல் ஐந்துவரை, அக்கா.
ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று.

மல்லிகாதேவி எண் சொல்லவில்லை.
இன்னைக்குப் பதினொரு கிலோ, அரைப் பேர்தான் போட்டாங்க,
அந்த ஆளு இன்னும் கேக்கல என்றாள்,
என்னிடம்தான், ஆனால் கதவைப் பார்த்து,
தகரத்தில் விழும் மழையைவிட
ஒரு படி சத்தமாக.

பன்னிரண்டு:
உங்கள் துணைவர் நீங்கள் சொல்வதைச் செவிமடுக்கிறாரா?

செவிமடுக்கிறதுன்னா?
காது குடுக்கிறது, அக்கா.

ஒன்பது வருடத்தையும் சொன்னாள்.
அவன் கொழும்பில் கடைக்கு நின்ற இரண்டு தீபாவளி,
அட்வான்ஸ் காசு போன வழி,
பிறகு
ஏழாம் மாதத்தில் தங்காமல் போன பிள்ளை.
அதுக்குக்கூட அந்த ஆளு அழல.

அழுதேன்டி,
என்றது வெளியே மழை நனைத்த குரல்.
பீலியில.
தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு.

பிளேன்டீ ஆறியது.
அடுத்த காம்பராவில் யாரோ
ரேடியோவைக் குறைத்தார்கள்.

இந்தப் படிவம் செல்லாது என்றார் மேற்பார்வையாளர்,
ஒருவர் பதிலை மற்றவர் கேட்டிருக்கிறார்.

பன்னிரண்டுக்கு நேரே நான் எதுவும் வட்டமிடவில்லை.
ஓரத்தில், பென்சிலால்:
மழை. கதவு அரைவாசி திறந்திருந்தது.