நூல் தெரிகிறது

பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தோரு டிகிரி.
வடிதட்டைக் கவிழ்த்த தலைகள்
தியேட்டர் வாசலிலிருந்து தபால் நிலையம் வரை.
பிப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை
கிரேவல் லேக்கில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.
சாகிறவர்களும் ஒரு நாள் பொறுத்துக்கொள்வார்கள்
என்கிறார் டிக்கெட் கிழிக்கும் ஒலெக்சா.

படத்தின் பெயர்
'சனிக்கோளின் கடைசி இஸ்திரிப்பெட்டி.'
எழுபத்தெட்டில் எடுத்தது.
பற்பசை விளம்பரத்துக்கு வாங்கிய பணத்தில்
பல் டாக்டர் பக்காலா
பிரபஞ்சத்தைக் காப்பாற்றிவிட்டார்.
செவ்வாய்க்காக எங்கும் அலையவில்லை.
நிக்கல் சுரங்கத்தின் கசடு மலை
ஒரு புல் இல்லாமல், கன்னங்கரேலென்று
எங்கள் கொல்லைக்குப் பின்னாலேயே கிடந்தது.
செவ்வாய் சிவப்பாயிற்றே என்றதற்கு
இரவுக் காட்சி என்று எழுதிக்கொண்டார்.

கதையெல்லாம் கேட்கக் கூடாது.
ஒரு பேரரசர். கசங்கிய துணி என்றால் ஆகாது அவருக்கு.
அண்டத்தையே தேய்த்து மடித்துவைக்கப் புறப்படுகிறார்.
கப்பல், இஸ்திரிப்பெட்டி.
கதிர்த் துப்பாக்கி, தலைமுடி உலர்த்துவது.
அதன் வயர்
பாறைகளைத் தாண்டி, படையைத் தாண்டி,
திரையின் ஓரத்தைத் தாண்டி
யார் வீட்டு ஸ்விட்சுக்கோ போகிறது.

கப்பல் எழும்பும்போது
இருநூற்று நாற்பது பேர் ஒரே மூச்சில்:
"நூல் தெரியுது!"
நானும்தான்.
நாள் முழுக்க ஆஸ்பத்திரியில்
மெதுவாகப் பேசிப் பேசித் தேய்ந்த தொண்டை
அந்த ஒரு கத்தலில் திறந்துகொள்ளும்.

போன வருடம் டொராண்டோவிலிருந்து ஒரு பையன்,
நல்ல பையன், பெயர் கூட டெவ்லின் என்று ஞாபகம்,
மடிக்கணினியோடு மேடையேறினான்.
நூலை அழித்துத் தருகிறேன், வயரையும்,
காசு வேண்டாம் என்றான்.
சபை உறைந்தது.
எண்பத்தாறு வயது பக்காலா
முன் வரிசையில் மெல்ல எழுந்தார்.
"அது தூண்டில் நூல், தம்பி.
படம் முடிந்த மறுநாள்
அதே நூலில் பதினோரு ராத்தல் மீன் பிடித்தேன்.
அந்த மீனையும் அழிப்பாயா?"
பையனுக்கு அன்று இரவு
மூன்று வீடுகளில் சாப்பாடு.

எனக்கு வேறு பயம் இருந்தது.
நாற்பத்தேழாம் நிமிடம்.
பேரரசர் மரண தண்டனை வாசிக்கிறார்.
அலுமினியத் தாள் சுற்றிய படைவீரர்கள் விறைத்து நிற்கிறார்கள்.
இடமிருந்து மூன்றாவது ஆள்
உதட்டைக் கடிக்கிறான், தோள் குலுங்குகிறது,
கடைசியில் முடியாமல்
வெடித்துச் சிரித்துவிடுகிறான்.
மறுபடி எடுக்கப் படச்சுருள் இல்லை.
அப்படியே விட்டுவிட்டார்கள்.

அவன் ரெஜான்.
பதினாறு வருடம் என் கணவன்.
சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்து
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.
அந்தச் சிரிப்பை வீட்டில் நான் கேட்டதில்லை.
என் சிரிப்பை அவன் கேட்டானா, அதுவும் தெரியாது.
எங்களுக்கும் நூல் தெரிந்தது.
தெரிந்ததும்
ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.
கத்தியிருக்கலாம்.

இந்த வருடமும் நாலு வரிசை முன்னால்
மொரீனோடு உட்கார்ந்திருந்தான்.
நாற்பத்தேழாம் நிமிடத்தில்
ஊரே அவன் பக்கம் பாப்கார்ன் எறிய,
வடிதட்டை முகத்துக்கு இறக்கிக்கொண்டான்,
அறுபத்தைந்து வயதில், காது சிவக்க.
என் பங்குக்கு ஒரு பிடி எறிந்தேன்.
குறி தவறவில்லை.

படம் விட்டு வந்தால்
என் கார் செத்துக் கிடக்கிறது.
பேட்டரி. இந்தக் குளிரில் வேறென்ன.
ரெஜான் தன் வண்டியை மூக்கோடு மூக்கு நிறுத்தினான்.
ஒரு வார்த்தை இல்லை.
சிவப்பை அங்கே மாட்டி, கருப்பை இங்கே மாட்டி,
பனியில் குனிந்து நின்றான்.
மொரீன் ஜன்னலை இறக்கி
தெரு முழுக்கக் கேட்கும்படி
"வயர் தெரியுது!" என்றாள்.

முதலில் அவன் தோள்தான் குலுங்கியது.