நாலரை மணி நேரம்

ஜங்ஷன் வாசல்ல வந்து நின்னவருக்குக்
கையில பை ஒண்ணு, முகத்துல அலுப்பு ரெண்டு.
"ஏனுங்க, அடுத்த ரயிலு அஞ்சரைக்குத்தான்.
கோயில் வேண்டாமுங்க, அருவி வேண்டாமுங்க,
அல்வா ஆகாதுங்க, சர்க்கரை இருக்குது.
வேற என்னங்க இருக்குது உங்க ஊர்ல?"

பேரு கனகசபாபதி. உடுமலைப் பக்கம்.
பம்ப்செட் விக்காராம்.
பதினோரு வருசமா வண்டி ஓட்டுதேன்,
இந்தக் கேள்விய எவரும் எங்கிட்ட கேட்டதில்ல.
"ஏறுங்க அண்ணாச்சி"ன்னுட்டேன்.
எங்கன போறதுன்னு எனக்கே தெரியாது.

முதல்ல ஈரடுக்குப் பாலத்துக்கு அடியில.
மேல பஸ்ஸு, நடுவுல ஸ்கூட்டரு, கீழ தண்டவாளம்.
மூணு சத்தமும் ஒண்ணா விழுற நேரம் ஒண்ணு இருக்கு,
அதுக்குக் காத்து நிக்கணும்.
பஸ்ஸு வந்தா ரயில் இல்ல,
ரயில் வந்தா மேல ஒரு காக்கா கூட இல்ல.
இருபத்திமூணாவது நிமிசம் விழுந்துச்சு.
தூணு நடுங்கி, எம் பல்லு நடுங்கி,
டீ கிளாசுக்குள்ள வட்டம் வட்டமா.
கண்ண மூடிக்கிட்டு அவரு சொன்னாரு,
"மோட்டாருல பேரிங் போன மாதிரிங்க."
பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

டவுன்ல அல்வாக்கடை வரிசையில நிறுத்துனேன்.
வாங்க இல்ல, நிக்க.
முன்னால ஒரு அம்மா, சம்பந்தி வீட்டுக்கு
அரைக்கிலோவா ஒரு கிலோவான்னு
போன்ல புருசங்கூட மல்லுக்கட்டு.
பின்னால ரெண்டு பயலுவ,
கையில ஒட்டுன நெய்யத் துடைக்கப்படாது,
தலையிலதான் தேய்க்கணும்னு சட்டம் பேசுதானுவ.
நகந்து நகந்து கல்லாவுக்கு வந்தாச்சு.
"எவ்வளவு?"
"ஒண்ணும் வேண்டாமுங்க"ன்னு கும்பிட்டுத் திரும்பிட்டாரு.
கடைக்காரரு பாத்த பார்வை இருக்கே,
அத நிறுக்க அவர்கிட்டயே தராசு இல்ல.

குறுக்குத்துறையில காலை விடச் சொன்னேன்.
மால்ல இந்த மீன்கடிக்கு
முந்நூறு ரூவா வாங்குதாவளாம்.
எங்க ஆறு சும்மா கடிக்கும்.
அவரு சிரிச்ச சிரிப்புல
துவைச்சிக்கிட்டிருந்தவ சோப்ப நழுவ விட்டுட்டா.
"எத்தனை ஹெச்பிங்க இந்தத் தண்ணி?"
"கார்த்திகையில வாங்க அண்ணாச்சி,
இந்தக் கோயிலையே முழுங்கும், அப்போ கேளுங்க."

கொக்கிரகுளத்துல அறிவியல் மையம்.
அந்த வாசல்ல எத்தனையோ பிள்ளைகள இறக்கி விட்டிருக்கேன்.
உள்ள போனதில்ல.
அவரு ரெண்டு டிக்கெட் எடுத்தாரு.
நான் எதுக்குன்னேன்.
"ஏனுங்க, வெளியூரு நான் மட்டுந்தானா?"

கோணல் கண்ணாடிங்க வரிசையா நிக்கி.
ஒண்ணுல செண்பகவல்லி தென்னை உசரம்,
காக்கிச் சட்டை முழங்காலத் தாண்டித் தொங்குது.
ஒண்ணுல பானை. பானைக்கு ரெண்டு கம்மல்.
ஒண்ணுல தலை இருக்கு, கால் இருக்கு,
இடுப்ப எங்கன வச்சேன்னு தெரியல.
பதினோரு வருசமா நான் பாத்த கண்ணாடி
உள்ளங்கை அகலம்.
அதுல பின்னால வாற லாரிதான் தெரியும்.
வாங்க நேரமாச்சுன்னு
அவருதான் என்னைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு.

நாலு பத்துக்குப் பாளையங்கோட்டை.
ஏதாவது ஒரு பள்ளிக்கூடத் தெருமுனை, எதுன்னாலும் சரி.
மணி அடிச்சதும் நடுவுல அசையாம நிக்கணும், தூணு மாதிரி.
சைக்கிளா வருது, நீலமும் வெள்ளையுமா,
ரெண்டு பக்கமும் பிரிஞ்சி
முதுகுக்குப் பின்னால சேர்ந்து போவுது.
ஒண்ணு கூட இடிக்கல.
ஒருத்தி மட்டும் "தாத்தா, ஓரமா நில்லுங்க"ன்னுட்டா.
அம்பத்திரெண்டு வயசாம் அவருக்கு.
ஜங்ஷன் வரைக்கும் பேசல.

"எவ்வளவுங்க?"
கோயிலுக்கு ரேட்டு தெரியும், பஸ்டாண்டுக்குத் தெரியும்,
இதுக்கு என்னன்னு கேக்க?
நானூத்தம்பது சொன்னேன்.
நானூத்தி இருபதுக்கு இறக்கி,
மிச்சச் சில்லறைய எண்ணி வாங்கிக்கிட்டுப் போனாரு.

மறுநா காலையில, முதல் சவாரிக்கு முன்னால,
பாலத்தடியில வண்டிய ஓரங்கட்டினேன்.
பஸ்ஸு வந்துச்சு. ஸ்கூட்டரும் வந்துச்சு.
ரயில் லேட்டு.
வண்ணார்பேட்டை போவணும்னு
ஒருத்தர் கைதட்டிக் கூப்பிட்டாரு.
வேற வண்டி பாருங்கன்னேன்,
காதத் திருப்பாம.