ஒன்பது மணிக்குள் அறிக்கை

ஔலு நகரம். ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
காலை ஒன்பது மணிக்குள் ஹன்னெலேவுக்குத் தெரிய வேண்டும்:
நகரத்தின் வெப்பக் கணக்கைச் சுமக்கும் இந்தத் தரவுத்தளத்தை
வைத்துக்கொள்வதா, விடுவதா.
தாளை நடுவில் மடித்தேன்.
இடப்பக்கம் பலம், வலப்பக்கம் குறை.
மடிப்பு நேராக வரவில்லை.

வலப்பக்கம் எளிது, அதிலிருந்து தொடங்கினேன்.
சர்வருக்குள் எத்தனை மூளை என்று எண்ணிக் காசு கேட்கிறார்கள்,
சும்மா இருக்கிற மூளைக்கும் சேர்த்து.
இலையுதிர்காலத்தில் தணிக்கைக்கு வந்தவர் நல்ல மனிதர்,
காபியில் பால் வேண்டாம் என்றார்.
வெய்யோ எப்போதோ சோதித்துப் பார்த்த ஒரு பொத்தானுக்கு
இரண்டு குழாய்ப் பணியாளர்களின் ஆண்டுச் சம்பளத்தை
விலையாக எழுதிவைத்துப் போனார்.
யானையைக் கட்டித் தீனி போடுகிறோம்,
தும்பிக்கை ஆடினால் தனிக் கட்டணம்.

"இலவசமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் இதே வேலையைச் செய்யும், ரைலி."
வெய்யோ சொல்வது சரிதான்.
தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதாம்.
ஆனால் ஒரு நகரமே அந்த மாட்டின் சூட்டில் படுத்துத் தூங்குகிறது.
அவனுடைய அந்தப் 'பெரும்பாலும்' மேல்தான்
நான் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்.

இடப்பக்கம்.
டிசம்பர் பதினொன்று, மின்சாரம் போன இரவு.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள் நாற்பது நொடி.
துய்ரா பகுதியில் நாலாயிரத்துச் சொச்சம் வீடுகளின் அளவீடு
பாதி எழுதியபடி நின்றது.
எழுந்ததும் அது தன் குறிப்பேட்டைத் தானே படித்தது.
முடிந்ததை முடிந்தது என்றது.
பாதியில் நின்றதை
நடக்கவே இல்லை என்று துடைத்தது.
மனிதர்களிடம் நான் இதை எதிர்பார்ப்பதில்லை.
ஆன்ட்டி விட்டுப்போன பாதி வாக்கியங்கள்
ஆறு வருடமாகச் சமையலறையில் கிடக்கின்றன.

அப்புறம் அதன் பிடிவாதம்.
எஸ்கோ துர்பெய்னென் மார்ச்சில் இறந்தார்.
பெயரை எடுத்துவிடுங்கள் என்று தங்கை லஹ்யா அழைத்தாள்.
அழித்தேன். மறுத்தது.
'இவரைச் சார்ந்த வரிகள் உள்ளன.'
நான்காவது முறை அழைத்தபோது அவள் குரல் உடைந்தது:
"செத்தவனை ஏன் போகவிட மாட்டேன் என்கிறீர்கள்?"
அட்டவணை அட்டவணையாகத் தேடினேன், பதினொரு நாள்.
கடைசியில் கிடைத்தது,
நாங்கள் அவருக்குத் தர வேண்டிய பன்னிரண்டு யூரோ நாற்பது சென்ட்.
கொடுத்தோம். மீட்டரை மூடினோம்.
பிறகு பெயர் சத்தமில்லாமல் போயிற்று.
இதை எந்தப் பக்கத்தில் எழுத?
மடிப்பின் மேலேயே எழுதினேன்.
மை இரண்டு பக்கமும் ஊறிற்று.

மறுபடி வலப்பக்கம்.
இருபத்திரண்டு ஆண்டாக அதன் வட்டார வழக்கில் எழுதியிருக்கிறோம்.
வேறெந்தத் தளத்துக்கும் அந்தப் பேச்சு புரியாது.
ஆணியைப் பிடுங்கினால் சுவரும் கூட வரும்.
லட்சக்கணக்கான வரிகள், கால்பங்கு என் கைவேலை.
சற்றுமுன் ஒன்றைத் திறந்தேன்.
மேலே ஒரு குறிப்பு: 'இதைத் தொடாதே. ரைலி, 2006.'
ஏன் என்று நினைவில்லை.
தொடவில்லை.

எட்டு ஐம்பது. ஜன்னலடியில் ரேடியேட்டர் ஒரு முறை சொடுக்கிற்று.
எங்கோ ஒரு வரி பதிவாகியிருக்கும்.
எழுதினேன்: இன்னும் ஓராண்டு இருக்கட்டும்.
அதற்குள் நீச்சல்குளத்தின் மீட்டர்களை மட்டும்
வெய்யோ தன் இலவச மாட்டிடம் கொண்டுபோகட்டும்.
அங்கே குளிர்ந்தால் திட்டுவார்கள்,
யாரும் விறைத்துச் சாக மாட்டார்கள்.

வெய்யோ வந்தான், தொப்பியெல்லாம் பனி.
நின்றபடியே படித்தான்.
"இது முடிவு இல்லை, ஒத்திவைப்பு."
ஆமாம் என்றேன்.
வெளியே இன்னும் இருட்டு.
இந்த ஊரில் சூரியனே பத்து மணிக்கு மேல்தான் வருகிறது.