இரண்டாவது ட

"வடிவாய்த்தான் இருக்கு அக்கா,
ஆனால் மெசின் எழுதினமாதிரிக் கிடக்கு" என்றான் நிரோஜன்.
பீல் ரயிலடிக்குப் பக்கத்தில் அவனுடைய கடை,
பெயின்ட் மணம் போகாத எட்டுக்குப் பத்தடி.
சோக்கால் கரும்பலகையில் எழுதியதுபோல வேணுமாம்.
அப்ப சோக்கால் எழுதன் என்றேன்.
"மழை பெய்யும். நாளாந்தம் ஆர் எழுதுறது?"
அப்படித்தான்
ஒருவரும் எழுதாத ஒரு கையெழுத்தை
நான் எழுதத் தொடங்கினேன்.

காசு கொடுத்து வாங்கிய எழுத்துரு.
டேப்லெட்டில் திறந்தால்
இஸ்திரி போட்ட சட்டைகளோடு வரிசையில் நின்றன எழுத்துகள்.
க-வின் வயிற்றில் ஆறு புள்ளிகள்.
ஒன்றைப் பென்சில் முனையால் பிடித்து
மயிரிழை கீழே இழுத்தேன்.
தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல
வளைவு தோள் மாறியது.
துணைக்காலை நொண்ட வைத்தேன்.
கொம்பின் சுழியை மூடாமல் விட்டேன்.
பஸ் தரிப்பிடச் சுவரைப் படமெடுத்து
அதன் சொரசொரப்பை விளிம்புகளில் தூவினேன்.
யேர்மன் எழுத்தின் தலையில் இரு புள்ளிகளைச் சமனில்லாமல் வைத்து
பிரெஞ்சுத் தொப்பிகளைக் காற்றில் கொஞ்சம் சாய்த்தேன்.

பகலில் எனக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை.
முகப்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது.
ஒரு கோடு பிசகினாலும் சிவப்புத் தட்டில் போடுவது.
இரவில் அதே கண்ணை வைத்துக்கொண்டு
பிசகு செய்தேன்.

எல்லாம் சரியாய்த்தான் போனது,
கொத்துரொட்டி வரும்வரை.
அந்த ஒரே சொல்லில்
இரண்டு கொம்பு, இரண்டு கால்,
அடுத்தடுத்து இரண்டு ட.
இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே துணியில் தைத்தமாதிரி
ஒரே நொண்டல், ஒரே சொரசொரப்பு.
பொய் பிடிபட்ட இடம் அதுதான்.
கை எதையும் இரண்டு தரம் செய்யாது;
செய்ய நினைத்தாலும் அதற்கு வராது.

எழுத்துக்கு மூன்று உருவம் வரைந்தேன்.
ட-வுக்கு மட்டும் ஐந்து:
ஒன்று நிமிர்ந்தது, ஒன்று சுவரில் சாய்ந்தது,
ஒன்றுக்கு வயிறு கொஞ்சம் கூட.
பக்கத்தில் உன்னைப்போல் ஒருவன் வந்தால்
நீ மாறிக்கொள் என்று விதி எழுதினேன்.
கையெழுத்து நல்லாயிருந்தால்
தலையெழுத்து நல்லாயிராது என்பார்கள்.
கோணலையே விதியாக எழுதிவைத்தவளுக்கு
என்ன எழுதியிருக்கோ.

பலகை தொங்கிய முதல் நாள்
ஏபிஷர் என்ற மூதாட்டி, மழைக்கோட்டோடு,
ரொட்டி என்று தெரியாமலே ரொட்டியை விரலால் தொட்டார்.
விரலைத் திருப்பிப் பார்த்தார்.
"அழிஞ்சிடும், தொடாதேங்கோ" என்றான் நிரோஜன்
கள்ளச் சிரிப்போடு, யேர்மனில்.

மூன்றாம் கிழமை முட்டை விலை ஏறியது.
புதிதாய்ச் சேர்ந்த பெடியன் ஈரத்துணி எடுத்து
பதினான்கு ஐம்பதைத் தேய்த்தான்.
இன்னும் தேய்த்தான்.
தொலைபேசியில் நிரோஜன் சிரித்து முடிக்க நேரமெடுத்தது.
"அச்சுக்காரன் பத்து நாள் கேக்கிறான்.
நீங்களே வந்து எழுதிவிடுங்கோவன்."

வேலை விட்டு நேரே போனேன்.
விலைக்கு மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டி
வெள்ளை மைப் பேனாவைத் திறந்தேன்.
எத்தனை இரவு இந்தக் கோணல்களோடு கிடந்தவள்,
எனக்குத் தெரியாத வளைவா?
ஆனால் மூச்சு தானாய் அடங்கியது.
பூதக்கண்ணாடிக் கண் ஒன்று
என் மணிக்கட்டுக்கு மேல் வந்து நின்றது.
15.50.
இரண்டு ஐந்தும்
ஒரே அச்சில் வார்த்தமாதிரி.

ஏபிஷர் குடையை மடக்கிவிட்டு
நெடுநேரம் பலகையைப் பார்த்தார்.
"இவ்வளவையும் கையால் எழுதிவிட்டு
விலையை மட்டும் ஏன் அச்சடித்து ஒட்டினீர்கள்?
பொருந்தவேயில்லை."

நிரோஜன் என்னைப் பார்த்தான்.
நான் குனிந்து
பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்,
சுட்டுவிரலில் காயாத வெள்ளையோடு.