ஒரு சாண் உள்ளே

ஜூலை பிறந்தால் ஊர்ஃபாவில்
எல்லா வீட்டுக்கும் ஒரு தளம் கூடிவிடும்.
சாயங்காலம் குழாயைப் பிடித்து மொட்டைமாடியின் கொதிப்பைத் தணித்து
இரும்புக் கட்டில்களை மேலே ஏற்றுவோம்.
கீழே தூங்க முடியாது. பகலெல்லாம் குடித்த வெயிலைச்
சுவர்கள் விடியவிடியக் கக்கிக்கொண்டிருக்கும்.

இரவுப் பணியில் ஸ்கேன் எடுப்பவள் நான்.
இந்த மாதங்களில் எப்படி அடிபட்டது என்று கேட்பதில்லை,
எத்தனை மீட்டர் என்றுதான் கேட்பேன்.
யாருக்கும் மீட்டர் தெரியாது.
"கழுதைத் தொழுவத்துக் கூரை" என்பார்கள்,
"எங்கள் மாமனார் வீடு, அந்த வேப்பெண்ணெய் நிறக் கதவு" என்பார்கள்.
நானாக ஒரு கணக்குப் போட்டு எழுதிக்கொள்வேன்.

மூன்று மணிக்கு வெலாத். நான்கு வயது.
மூத்திரம் முட்டி எழுந்திருக்கிறான்,
கட்டிலின் தப்பான பக்கம் இறங்கியிருக்கிறான்.
அவன் அப்பா ஒரு தலையணையோடு வந்திருந்தார்.
எதற்கு எடுத்துவந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.
மண்டையோட்டில் மயிரிழைக் கோடு,
அதற்குள் பாதாம் பருப்பு வடிவில் ரத்தம்.
எங்கள் படங்களில் ரத்தம் வெள்ளை.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை.
ஓடினார்கள், அறுவைக்கு.
படம் எடுத்தவளிடம் முடிவை யாரும் வந்து சொல்வதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் மிளகாய்.
முன்னால் நடந்து பரப்பினால் மிதிபடும்;
குனிந்து, இரண்டு கையாலும் சிவப்பை விரித்தபடி
பின்னால் பின்னாலாக நகர வேண்டும்.
ஸெலிஹா அப்படித்தான் நகர்ந்தாள்,
மாடி முடிந்த பிறகும் ஓர் அடி.

முதுகுத்தண்டில் ஓர் எலும்பு
தேநீரில் நனைத்த சர்க்கரைக் கட்டிபோல் உதிர்ந்திருந்தது.
மேசையில் கிடந்தபடி கேட்டாள்:
"மழை வருமா? பாதி மிளகாய் திறந்து கிடக்கிறது."
கால் விரலை அசைக்கச் சொன்னேன்.
"அசைக்கிறேனே" என்றாள்.
போர்வை அசையவில்லை.
அவள் கையைப் பிடித்திருந்த கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன்.
காரம்.
அன்றிரவு முழுதும் என் கண்ணில் நீர் வழிந்ததற்கு
ஒரு காரணம் சொல்ல முடிந்தது.

விடிந்து வீடு வந்து மேலே ஏறினேன்.
கைப்பிடிச் சுவருக்கென்று வாங்கிய செங்கல்
மூன்று வருடமாக மூலையில் இருக்கிறது;
மேலே தேநீர்க் கோப்பைகள், சாம்பல் கிண்ணம், பூனை.
மகளின் கணுக்காலில் என் தலைத்துணியைக் கட்டி
மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருக்கிறார் அவர்.
முடிச்சு நன்றாகத்தான் இருந்தது.
கட்டிலோ விளிம்பிலிருந்து நான்கே எட்டில்.

பிடித்து இழுத்தேன், ஒரு சாண் உள்ளே வந்தது.
இரும்பு சிமெண்டைக் கீறிய சத்தத்தில்
கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"வெயில் வந்துவிட்டதா?"
இன்னும் இல்லை, தூங்கு என்றேன்.
இன்னொரு சாண் இழுத்தேன்.